குப்புற விழாத குழந்தையின் காது

1

அந்த எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தது ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில், வாயில் பாதி சாண்ட்விச் இருக்கும்போது.

ஃபோனை உப்பு டப்பாமேல் சாய்த்து வைத்து வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே இங்கிலாந்தில் மதியம், கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலையிலோ பொழுது சாய்கிற நேரம். அக்கா கவிதா குழந்தையை மடியில் உட்காரவைத்து, "சித்தி பாரு, சித்தி பாரு" என்று அவன் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். இனியனுக்கு நாலு மாசம் முடிந்திருந்தது. கழுத்து நின்றுவிட்டது, இன்னும் குப்புற விழவில்லை. அவன் சித்தியைப் பார்க்காமல் டியூப் லைட்டைப் பார்க்கத் திரும்பினான். அப்போது இடது காது தெரிந்தது. மேல் மடலில், வளைவை ஒட்டி, கருநீலமாகப் புள்ளி புள்ளியாக ஒரு தடம்.

"அக்கா, காதுல இன்னா அது?"

"எது?"

"மேல, வளைவுல. ஃபோன கிட்ட கொண்டா."

"அதுவா? கொசு கடிச்சிருக்கும். மலையில கொசு இல்லன்னு எவன் சொன்னான்?"

"கொசு நீலமாவா கடிக்கும்?"

"ஏய் லண்டன் டாக்டரு, மொதல்ல சாப்புடு. வாயில இருக்கறத முழுங்கு."

முழுங்கினேன். அக்கா பேச்சை மாற்றி அம்மாவின் முட்டிவலிக்குப் போனாள். நான் "ம்" கொட்டிக்கொண்டே ஃபோன் திரையைப் படம் பிடித்து, அந்தக் காதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க அது கட்டம் கட்டமாக உடைந்து ஒன்றுமில்லாமல் போனது. ஆனால் எண்ணம் உடையவில்லை. குப்புறக்கூட விழாத குழந்தை எதன்மேல் போய் மோதிக்கொண்டது?

2

நான் டாக்டர் இல்லை. இருப்பது லண்டனும் இல்லை. லண்டனிலிருந்து ரயிலேறி, மழை எங்கே ஜாஸ்தியாகிறதோ அங்கே இறங்கினால் வரும் ஊர். எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. களமருதூரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் படிக்கவைத்த அம்மாவுக்கு, "உன் பொண்ணு அங்க இன்னா பண்ணுது?" என்று யாராவது கேட்டால், "ஃபோட்டோ புடிக்குது" என்று சொல்லிவிடுவாள். தப்பில்லை.

நான் புடிக்கிற ஃபோட்டோக்களில் ஒரு வகை உண்டு. அதற்கு வரும் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்காது, இருமல் இருக்காது. நல்ல சட்டை போட்டு, பால் குடித்து, சிரித்துக்கொண்டுகூட வரும். யாராவது அதை அடித்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக அந்தப் படம்.

எல்லாக் குழந்தைக்கும் எடுப்பதில்லை. நடக்கப் பழகிய குழந்தையின் முழங்காலிலும் நெற்றியிலும் நீலம் இருந்தால் யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். விழாமல் யார் நடந்தார்கள்? ஆனால் தவழாத, எதையும் பிடித்து நிற்காத குழந்தையின் உடம்பில் காரணம் சொல்ல முடியாத ஒரு நீலம், ஒன்றே ஒன்று, சின்னதாக இருந்தால்கூடப் போதும். உடனே யோசிப்பார்கள். கொஞ்சம் பெரிய குழந்தை, இரண்டு வயதுக்குள் என்றால், எந்த இடத்தில் என்று பார்ப்பார்கள். காது, கழுத்து, கன்னம், வயிறு, முதுகு. தானாக விழுகிற குழந்தைக்கு இந்த இடங்களில் அடிபடுவது அபூர்வம். விரல் பதிந்த மாதிரி இருந்தால் சொல்லவே வேண்டாம்.

நம் குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே இடுப்புக்குக் கீழே சாம்பல் நீலத்தில் ஒரு திட்டு இருக்குமே, அது வேறு. அடிபட்ட நீலம் நாளாக ஆக நிறம் மாறி மறையும், அந்தத் திட்டு அப்படியே இருக்கும். இங்கேயும் தெரிந்த டாக்டர்கள் அதைக் குறித்துவைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ரத்தம் உறைவதில் கோளாறா என்றும் சோதிப்பார்கள். அதற்குப் பிறகு எங்களிடம் வரும். மண்டை ஓடு, விலா, ஒவ்வொரு கை, ஒவ்வொரு கால், உள்ளங்கை, பாதம் எல்லாம் தனித்தனிப் படம். விலாவைச் சாய்த்தும் எடுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் தலைக்குள்ளும் ஸ்கேன். அறையில் எங்களில் இரண்டு பேர் கட்டாயம். ஒவ்வொரு படத்திலும் இடது, வலது என்ற குறி இருக்க வேண்டும். ஒரு குறி விட்டுப்போனால் கோர்ட்டில் வக்கீல் எங்களைக் கிழித்துவிடுவார்.

தமிழ்க் குடும்பம் வந்தால் நான் தமிழில் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கண்ணெதிரே ஒரு தாய் "இன்னாம்மா பண்றாங்க என் புள்ளைய?" என்று என்னைப் பார்த்து அழுதாலும், மொழிபெயர்ப்பாளருக்கு ஃபோன் போட்டு, அவர் லைனில் வரும்வரை நான் ஊமை. நம்மாள் என்று நான் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதாம். முதலில் இது மனிதத்தன்மையே இல்லாத சட்டம் என்று கத்தினேன். இப்போது கத்துவதில்லை.

இத்தனைக்கும் என் ஆங்கிலம் ஒன்றும் ஒழுங்கில்லை. வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரத் தாயிடம், "குழந்தையை இங்கே போடுங்கம்மா" என்று நம் வழக்கத்தில் நினைத்து, அதையே ஆங்கிலமாக்கி, "கீழே தொப்பென்று போட்டுவிடுங்கள்" என்று பொருள்படச் சொல்லிவிட்டேன். வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். குழந்தையைக் கீழே போட்டாயா என்று எல்லாரும் கேட்டுக் கேட்டுத்தான் அவள் அங்கே வந்திருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. வெளுத்ததையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

இந்த வேலை அப்படி ஆக்கிவிடுகிறது. பஸ்ஸில் எதிர்சீட்டுக் குழந்தையின் கழுத்தைப் பார்க்கிறேன். பூங்காவில் ஊஞ்சலைத் தள்ளுகிற அப்பாவின் கையைப் பார்க்கிறேன்.

3

நான் குடியிருப்பது சங்கராபுரத்திலிருந்து இங்கே வந்த குடும்பம் ஒன்றின் மாடியறையில். வீட்டுக்காரி தேவி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவள் மகன் ஆதிக்கு ஏழு வயது. தமிழ் புரியும், பேச மாட்டான். அவள் தமிழில் திட்ட, அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, நடுவில் நான் தோசை தின்பேன்.

"டேய், டிவிய நிறுத்தறியா, வந்து நாலு வைக்கவா?"

வைத்தால் டீச்சரிடம் சொல்வேன் என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்தியாடி? இது எனக்குப் பொறந்த புள்ளையா, போலீஸா?" என்று என்னைப் பார்த்தாள். "எம்மேலயே கேஸு குடுக்கறான்."

போன கோடையில் அவன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டான். அதை டீச்சர் பார்த்தால் தன்னைக் கேட்பார்களோ என்று பயந்து, வெயில் கொளுத்துகிற நாளில் அவனுக்கு முழுக்கால் பேன்ட் போட்டு அனுப்பினாள் தேவி அக்கா. டீச்சருக்கு முழங்கால்மேல் சந்தேகம் வந்திருக்காது, பேன்ட்மேல் வந்தது. கூப்பிட்டு விசாரித்தார்கள்.

இனியன் காதின் படத்தை அவளிடம் காட்டினேன்.

"இது ஒரு கறை. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு உக்காந்திருக்கியா?"

"தேவிக்கா, நாலு மாசக் கொழந்தைக்குக் காதுல எப்படி அடிபடும்?"

"யாராச்சும் தூக்கும்போது பட்டிருக்கும். நம்ம ஜனங்க பச்சப்புள்ளய அடிக்க மாட்டாங்கடி. அதெல்லாம் இவனுங்க பண்றது." ஜன்னலுக்கு வெளியே இருந்த மொத்த நாட்டையும் தோசைக் கரண்டியால் காட்டினாள். "நீ இன்னிக்கு எத்தினி பேரு குடும்பத்தப் பிரிச்சிட்டு வந்த?"

அதற்குச் சிரிக்க வேண்டும். சிரித்தேன். நம்ம ஜனங்க அடிக்க மாட்டார்கள் என்று நானும் சொல்லிக்கொண்டு இருந்தவள்தான். சொல்லிக்கொண்டே என் மனசு போய் நின்ற இடம் அக்கா வீட்டுக்காரர், முருகேசன் மாமா.

4

மாமா வெள்ளிமலைக்காரர். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அக்கா அங்கே ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலைக்குப் போன இடத்தில் இருவருக்கும் பழக்கமாகிக் கல்யாணம் நடந்தது. "மலையேறிப் போயிட்டா" என்று அம்மா ரொம்ப நாள் அழுதாள். அவர் குட்டியானை ஓட்டுகிறார். அதுதான், சின்ன லோடு வண்டி. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு மலையிறங்கி ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போய் வருவார். ஃபோனில் அதிகம் பேச மாட்டார். நான் கூப்பிடும்போது திரையின் ஓரத்தில் ஒரு தோளாக, ஒரு லுங்கியாகக் கடந்து போவார். குடிப்பதில்லை. அதுகூட அந்த வாரம் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். பெரிதாக ஒன்றும் சொல்லாமல், "ஒருவாட்டி மலைக்குப் போயி புள்ளையப் பாத்துட்டு வாயேன்" என்றேன். அம்மா கள்ளக்குறிச்சி வந்து, கச்சிராயபாளையம் வழியாக மலையேறுகிற பஸ் பிடித்துப் போனாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள், குரலில் பெரிய நிம்மதி.

"உரம் எடுத்தாங்களாம்டி. அதுல பட்டதாம்."

நகரத்தில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தை விடாமல் அழுதால், தூக்கும்போது வீறிட்டால், உரம் விழுந்திருக்கிறது, அதாவது தூக்கத்தில் எசகுபிசகாகப் புரண்டு சுளுக்கிக்கொண்டது என்பார்கள். எடுக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோவார்கள். பழைய புடவையை விரித்து, குழந்தையை நடுவில் படுக்கவைத்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். பிறகு எண்ணெய் தொட்டு முதுகு, கழுத்து, காது எல்லாம் உருவிவிடுவார்கள். என்னையும் அப்படி உருட்டியிருக்கிறார்கள்.

காதை உருவினால் நீலம் வரலாம். எனக்கும் மூச்சு வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இருந்தாலும் ஒரு படம் எடுத்துடுங்க. கள்ளக்குறிச்சியில கொழந்த டாக்டர்கிட்ட காட்டுங்க."

"பச்சப்புள்ள ஒடம்புல கரண்ட்டு பாய்ச்சச் சொல்றியா?" என்றாள் அம்மா.

அக்கா ஃபோனைப் பிடுங்கினாள். "இன்னாடி நெனச்சிக்கினு இருக்கற நீ? ரெண்டு நாளா பாக்கறேன், காது காதுன்னு. என் புள்ளய நாங்க அடிச்சிட்டோம்னு சொல்றியா? அங்க வெள்ளக்காரன் வூட்ல பண்ற வேலைய இங்க பண்ணாத!"

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"வேற எப்படிச் சொல்ற?"

அந்த நேரம் பின்னால் மாமாவின் குரல். ஃபோன் கை மாறியது. அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

"எடுத்துடலாம் பாப்பா. இன்னா எடுக்கணும்னு இங்லீஷ்ல எழுதி அனுப்பு. நான் டாக்டர்கிட்ட காட்டறேன்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாரே, ஏன்? இங்கே அப்படி முந்திக்கொண்டு ஒத்துழைக்கும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். எழுதி அனுப்பினேன். எழுதும்போது அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

5

கள்ளக்குறிச்சியில் அவர்கள் பார்த்த குழந்தை டாக்டர் ஒரு பெண். காதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். ரத்தம் எடுத்தார், உறைவதில் குறையில்லை. தலை ஸ்கேனும் சரியாக இருந்தது. எக்ஸ்ரே வெளியே ஒரு சென்டரில். நான் அத்தனை படம் எழுதி அனுப்பியிருந்தேன். அங்கே இருந்தவர் "இத்துனூண்டு புள்ளைக்கு எதுக்கு இத்தினி படம்?" என்று கேட்டு, தலையிலிருந்து கால்வரை ஒரே ஃபிலிமில் அடக்கிவிட்டார். நோக்கம் நல்லதுதான். மாமா அதை ஜன்னலில் வைத்து ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். இனியன் முழுசாக, கை கால் விரித்து, ஒரு தவளைக்குட்டி மாதிரி. பின்னால் ஜன்னல் கம்பி. எது விலா, எது கம்பி என்றே பிரிக்க முடியவில்லை.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க, போதுமா?" என்று அக்கா ஒரு வரி அனுப்பினாள்.

போதாது. ஒரே படத்தில் முழுக் குழந்தையையும் எடுத்தால் சின்ன விரிசல்கள் ஒளிந்துகொள்ளும். நன்றாக எடுத்தாலும் விலாவில் விழுந்த புது விரிசல் பல சமயம் தெரியாது. இரண்டு வாரம் போனால் எலும்பு தன்னைத்தானே ஒட்டப் பார்த்து, அந்த இடத்தில் சின்னதாகத் திரண்டு நிற்கும். அப்போதுதான் படத்தில் மாட்டும். அதனால்தான் இங்கே முதல் படம் சரியாக இருந்தாலும் மறுபடி வரச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதிகத் திட்டு கிடைப்பதும் அந்த இரண்டாம் தடவைதான். "அன்னிக்கே ஒன்றுமில்லை என்றீர்களே!" என்பார்கள்.

டாக்டரும் அதையே சொல்லியிருந்தார். இரண்டு வாரம் கழித்து மார்பை மட்டும், நேராகவும் சாய்த்தும், தனித்தனியாக எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்திருந்தார். அதுவரை அம்மாவை மலையிலேயே இருக்கச் சொன்னதும் அவர்தான். காரணம் சொல்லவில்லையாம். அம்மாவும் கேட்கவில்லை, பேரனோடு இருக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

நாள் வந்தபோது அக்கா போகவில்லை. "நல்லாத்தானே இருக்கான், சிரிக்கிறான், இப்ப குப்புறகூட வுழுறான்" என்றாளாம். மாமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அந்த வளைவுப் பாதையில் இறங்கினார்.

எனக்கு ஃபோட்டோ வந்தபோது நான் டூட்டியில் இருந்தேன். அடுத்த நோயாளிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. முதுகுப்பக்கம், தண்டுவடத்தை ஒட்டி, பக்கத்துப் பக்கத்து விலா இரண்டில், நூலில் முடிச்சுப் போட்ட மாதிரி இரண்டு வெள்ளைத் திரட்சி. நான் படம் எடுப்பவள், படிப்பவள் அல்ல. ஆனால் இதைப் படிக்க யாரும் தேவையில்லை. மார்பை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து, இறுக்கினால் உடையும் இடம் அது.

டாக்டர் இனியனை வார்டில் சேர்த்துக்கொண்டார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அவர்கள் வந்து விசாரித்தபிறகுதான் குழந்தையை யாரோடு அனுப்புவது என்று முடிவு.

6

அன்றைக்கு எங்கள் குடும்பம் மொத்தமும் ஒரே பக்கம் நின்றது. அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"உரம் எடுத்தவதான்" என்றாள் அம்மா. "பச்சப்புள்ளய இப்படியா அழுத்துவா ஒரு பொம்பள? ஒடச்சிட்டா."

"ஆமா, அந்தம்மா கை கொஞ்சம் முரடு" என்றாள் அக்கா.

தேவி அக்கா இங்கேயிருந்தே தீர்ப்புச் சொன்னாள். "நான்தான் சொன்னேனே, யாரோ தூக்கும்போது பட்டதுன்னு."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் குறித்துக்கொண்டேன். தப்புச் செய்தவன் பேச மாட்டான்.

டாக்டரிடம் பேச எனக்கு அனுமதி வாங்கித் தந்தது மாமாதான். "உங்க வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க" என்றார் டாக்டர். "உரம் எடுத்ததுல இப்படி ஆகவே ஆகாதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. பாதுகாப்பு ஆபீஸ்லேந்து வந்து கேட்டா நான் அதையும் சொல்லித்தான் ஆகணும். உங்களுக்கு வேற எதுனா தெரியுமா?"

இல்லை என்றேன். அது அப்போது உண்மை.

மறுநாள் வேலையில் ஒரு குழந்தைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். வார்டிலிருந்து வந்த நர்ஸ் அந்தத் தாயிடம் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். குழந்தை கடைசியாக முழுக்க நன்றாக இருந்தது எப்போது? எத்தனையோ தடவை இதைக் காதில் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது, நாங்கள் யாரும் இனியனைப் பற்றி இதைக் கேட்கவே இல்லை. எல்லாரும் உரம் எடுத்ததிலிருந்து கதையைத் தொடங்கியிருந்தோம். ஆனால் சும்மா இருக்கிற குழந்தைக்கு யார் உரம் எடுப்பார்கள்?

இடைவேளையில் அக்காவைக் கூப்பிட்டேன். வீடியோ வேண்டாம் என்று குரலில் மட்டும்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. உரம் எடுக்க ஏன் கூட்டிக்கினு போன?"

"அழுதுகினே இருந்தான்டி. தூக்கினா வீல்னு கத்துனான். பக்கத்து வூட்டம்மா பாத்துட்டு, உரம்னு சொன்னாங்க."

"பால் குடிச்சானா?"

"மார்ல வெச்சா மூச்சு வாங்கறான், வுட்டுட்றான்."

"எப்பலேந்து?"

"மொத நாளுலேந்து."

"உரம் எடுக்கறதுக்கு மொத நாளா?"

"ஆமா." அப்புறம் அவளும் நிறுத்திக்கொண்டாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்த மாதிரி இருந்தது.

விலா உடைந்த குழந்தை தூக்கினால் கத்தும். மூச்சு இழுத்தால் வலிக்கும், அதனால் பால் குடிக்காது. உரம் எடுத்தது வலியை உண்டாக்க அல்ல, ஏற்கெனவே இருந்த வலியை எடுக்க. வலி அதற்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறது. அந்த அம்மா செய்த ஒரே தப்பு, உடைந்த குழந்தையைச் சுளுக்கிய குழந்தை என்று நினைத்தது. காதின் நீலம் அவள் கையால் வந்ததா, முதல் நாளே வந்ததா, அதுகூட இனி யாருக்கும் தெரியாது.

உடனே நான் ஏற்கெனவே சந்தேகப்பட்ட ஆள், மாமா, மனசில் மறுபடி வந்து நின்றார். என் குரல் எனக்கே அசிங்கமாக ஒலித்தது.

"அக்கா, மாமா எதுனா…"

"அவர ஒண்ணும் கேக்காத."

"நீ பயப்படாம சொல்லு. அவரு கோவத்துல…"

"அவரு வூட்லயே இல்லடி!" கத்தினாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஆத்தூர்ல மில்லு வாசல்ல லோடோட நின்னுகினு இருந்தாரு. வரிசையில வண்டி நகரல. மூணு நாளு. மழ வேற. கரண்ட்டு இல்ல. நானும் புள்ளையுந்தான்."

ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"அவன் நிறுத்தவே இல்ல. பால் குடுத்துட்டேன், துணி மாத்திட்டேன், தோள்ல போட்டுக்கினு நடந்துகினே இருந்தேன். நிறுத்தல. நிறுத்துடான்னு சொன்னேன். நிறுத்துடான்னு…"

அங்கேயே லைன் போய்விட்டது. அவளாகத் துண்டித்தாளா, மலைச் சிக்னலா, தெரியாது.

7

இன்றைக்கு ஞாயிறு. கீழே ஆதியும் தேவி அக்காவும் இரண்டு மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் மாடியில் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அக்கா கெட்டவள் இல்லை. இதை எழுதியதுமே எனக்குச் சிரிப்பு வருகிறது, எங்கள் அறைக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருத்தர் இதே வாக்கியத்தைச் சொல்வார்கள். அவள் தூங்கி மாசக்கணக்காகியிருக்கும். பிரசவம் ஆனதிலிருந்து அவள் எப்படி இருக்கிறாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஃபோன் எடுத்ததும் "புள்ளையக் காட்டு" என்போம். அவள் காட்டுவாள். அவள் முகம் பாதிக்குமேல் திரைக்கு வெளியே இருக்கும்.

மாமாவையும் இப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். ஆலையிலிருந்து திரும்பி வந்த மனுஷன் கத்துகிற குழந்தையையும் வாய் திறக்காத மனைவியையும் பார்த்திருக்கிறார். என்ன நினைத்தாரோ, யாரிடமும் சொல்லவில்லை. நான் "படம் எடுங்க" என்றபோது அவர் ஒரு மூச்சுகூட யோசிக்காமல் சரி என்றார். எழுதி அனுப்பச் சொன்னார். தன் வாயால் கேட்க முடியாததை என் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டாரோ?

இனியன் இன்னும் வார்டில்தான். பக்கத்தில் எங்கள் அம்மா. நாளைக் காலை பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வருகிறார்கள். உரம் எடுத்ததில் பட்டது என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னால், அவர்களும் எழுதிக்கொண்டு, இனி உரம் எடுக்காதீர்கள் என்று புத்தி சொல்லிவிட்டுப் போகலாம். குழந்தை மலையேறிவிடும். அம்மா நடவுக்குத் திரும்பிவிடுவாள். மாமா அடுத்த லோடோடு ஆலை வாசலில் நிற்பார். மறுபடி மழை பெய்யும்.

லீவு கேட்டிருக்கிறேன். நெருங்கிய உறவினர் சாவா என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார்; இல்லை என்றால் வேறு வகை, அதற்கு நாளாகும். எனவே இங்கிருந்தே செய்ய வேண்டும். இங்கே பொழுது விடியும் முன்னால், அவர்கள் வார்டுக்குள் வருவதற்குள், டாக்டருக்கு ஃபோன் போடப் போகிறேன். குழந்தையையும் அக்காவையும் சேர்த்தே அம்மா வீட்டுக்கு, களமருதூருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பேன். எங்கள் அம்மா பக்கத்தில் இல்லாமல் அக்கா மடியில் குழந்தையைத் தனியாக விட வேண்டாம் என்பேன். அவளையும் ஒரு டாக்டர் பார்க்க வேண்டும், அதட்டாமல், தூங்கவைத்து. இதெல்லாம் அவர்கள் கையில். என் கையில் இருப்பது ஒரு வாக்கியம். அது இல்லாமல் மற்றதைக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

அக்கா அப்புறம் என்னோடு பேசுவாளா, தெரியாது. நான் என்றால் பேசமாட்டேன்.

வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தேவி அக்காவுக்குக் கேட்காமல், கதவைச் சாத்திக்கொண்டு. "டாக்டர், உரம் எடுக்கறதுக்கு மொத நாளே கொழந்தைக்கு வலி இருந்திருக்கு, அப்ப மாமா ஊர்ல இல்ல, வூட்ல எங்க அக்கா மட்டுந்தான் இருந்தாங்க." மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் 'எங்க அக்கா' வருகிற இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. நாளை நிற்காமல் சொல்லிப் பார்க்க வேண்டும்.